பெரட்டுப் பலகையில் ஒரு பெயர்

1988 மே 11 – பேருந்து, பெரியவர் ஒருவர், சிறுமி ஒருத்தி, போக வர: 7 வெள்ளி 80 காசு
1988 மே 11 – ரொட்டி, மைலோ: 1 வெள்ளி 40 காசு
1988 ஜூன் 13 – பலகை, ஆணி, வெள்ளைத் துணி: 46 வெள்ளி
1988 ஜூலை 20 – பேருந்து, ஒருவர்: 5 வெள்ளி 20 காசு
1988 ஆகஸ்டு 6 – பேருந்து, ஒருவர். ஆப்பிள் ஆறு: 4 வெள்ளி 60 காசு
1988 அக்டோபர் 5 – வாடகைக் கார்: 70 வெள்ளி
1988 நவம்பர் 1 முதல் 1989 நவம்பர் 1 வரை – மணியார்டர் பதின்மூன்று, ஒவ்வொன்றும் 20 வெள்ளி: 260 வெள்ளி
மொத்தம்: 395 வெள்ளி

அம்பிகைபாகனின் சட்டைப்பைக் குறிப்பேட்டில், ரமணி என்ற பெயருக்குக் கீழே இருப்பவை இவை.

குவாலா சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் போகும் சாலையில், செம்பனை மரங்களுக்குள் நான்கு கல் தள்ளி இருந்தது சுங்கை கெலாடி தோட்டம். அங்கே முப்பத்து மூன்று ஆண்டுகள் டிரசராக இருந்தவர் அம்பிகைபாகன். டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை வந்து போவார். மற்ற நாட்களில் அரிவாள் வெட்டு, பிரசவ வலி, பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் மருந்தகத்தில் இருந்த டிரசர்தான் தெய்வம். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கலும்பாங் ரயில் நிலையத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். நேரம் தவறாமை, கோடு போட்ட தாள், சாய்வில்லாத எழுத்து, இந்த மூன்றும் அந்த வீட்டுச் சொத்து.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் ஆண்டு, 1961-இல், ஒரு மழைக்காலத்தில் பதினோரு பேருடைய பெயருக்கு எதிரே அவர் ‘காய்ச்சல்’ என்று எழுதி வைத்தார். டாக்டர் வந்து பதிவேட்டைப் புரட்டினார். எந்தக் காய்ச்சல் என்று எழுதியிருந்தால் போன வாரமே தண்ணீர்த் தொட்டியைப் பூட்டச் சொல்லியிருப்பேன் என்றார். அது டைபாய்டு. அதற்குள் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அதற்குப் பிறகு அம்பிகைபாகன் நோயின் பெயர் என்ற கட்டத்தில் ஒருநாளும் மழுப்பி எழுதியதில்லை. பக்கத்துத் தோட்டத்து டிரசர்கள் எல்லாவற்றையும் காய்ச்சல், வயிற்றுவலி என்று எழுதித் தள்ளுவதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

தோட்டத்தில் வேலை செய்த தங்கமணியின் வீட்டுக்காரன் ராஜு லோரி ஓட்டினான். வடக்கே எல்லை வரைக்கும் போய் வருவான். ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் எங்கேயோ ஒட்டிக்கொண்டது. 1986 அக்டோபரில் எலும்பும் தோலுமாகச் செத்துப்போனான். காசநோய் என்று எழுதினார்கள், அதுவும் இருந்தது. பதினைந்து மாதம் கழித்துத் தங்கமணிக்கு இருமல் வந்தது. பிறகு வாய்க்குள் வெள்ளைப் படலம். பிறகு, எண்ணெய்ப்பனைக் குலையைத் தூக்கிப் போடுகிற கை, ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் போனது. அம்பிகைபாகன் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். 1988 மார்ச் 7, திங்கட்கிழமை, அங்கிருந்து மூடிய உறையில் கடிதம் வந்தது. உள்ளே, ஆங்கிலத்தில், நான்கு பெரிய எழுத்து.

அந்த நோயைப் பற்றி அவரிடம் இருந்தது சுகாதார இலாகாவின் இரண்டு பக்கச் சுற்றறிக்கை மட்டும். அதை மூன்று முறை வாசித்தார். சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது, தொட்டால் தொற்றாது என்று போட்டிருந்தது. மருந்து என்ற தலைப்பின் கீழே இரண்டு வரிதான். இரண்டிலும் மருந்தின் பெயர் இல்லை. பேனாவை எடுத்து, தங்கமணி என்ற பெயருக்கு எதிரே அந்த நான்கு எழுத்தை எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில், ‘மகள் ரமணி, வயது 6, இரத்தம் சோதிக்கப்பட வேண்டும்’ என்று எழுதி, தேதி போட்டு, மை காயும்வரை காத்திருந்து பதிவேட்டை மூடினார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விடியலில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு மரப்பலகை. மாதம் பிறந்து இரண்டாம் தேதி, முந்தைய மாதத்து நோய் விடுப்புப் பட்டியலை அதில் ஒட்டுவார்கள். விடுப்பு நாளைச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள் என்று யாரும் பின்னால் மல்லுக்கு நிற்கக்கூடாது என்று தொழிற்சங்கம் போராடி வாங்கிய ஏற்பாடு. டிரசரின் பதிவேட்டை எடுத்து, பெரிய கிராணி மகாதேவா அப்படியே தட்டச்சு செய்வார்: பெயர், நாள், நோய், குறிப்பு. இருபது வருடமாக அப்படித்தான். அந்தப் பலகையைப் பற்றி மார்ச் 7 அன்று அம்பிகைபாகனுக்கு ஞாபகமே வரவில்லை.

ஏப்ரல் 2, சனிக்கிழமை காலை. மருந்தகத்தைத் திறக்கப் போனவர், களத்தில் கூட்டம் கலையாமல் நிற்பதைப் பார்த்தார். ஆள்களை மேய்க்கிற மண்டோர் சேது, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார்.

“ஏய், இது டிவில சொல்றானே, அந்தச் சீக்குலா!”

“எது அண்ணே?”

“எய்ட்ஸ்! நம்ம ராஜு பொண்டாட்டி! கீழ பாரு, புள்ள பேரும் போட்டிருக்கான்.”

“நேத்து அவ கொழாயிலதான்யா நான் தண்ணி புடிச்சேன்!”

“புடிச்சிட்டியா? அப்ப ஒனக்கும் அடுத்த மாசம் போர்டுல எடம் உண்டு.”

சிலர் சிரித்தார்கள். தண்ணீர் பிடித்தவன் சிரிக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான். அம்பிகைபாகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தாளைக் கிழித்தார். எல்லாரும் வாசித்து முடித்திருந்தார்கள்.

அதே தாளோடு அலுவலகத்துக்குப் போனார். மகாதேவா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன வேலை ஐசே பார்த்தனீர்?”

“நானோ? நீர் எழுதினதை நான் அடிச்சனான். இருவது வருசமா அப்பிடித்தானே. ஒரு எழுத்து மாறினாலும் நீர்தானே வந்து சண்டை பிடிக்கிறனீர்?”

போன ஆண்டு, ஒரு நோயின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்காக ஒரு பட்டியல் முழுவதையும் மறுபடி அடிக்க வைத்தவர் அம்பிகைபாகன்தான்.

திங்கட்கிழமை, பிள்ளைக் கொட்டகை ஆயா நல்லம்மாள் ரமணியை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். தாய்மார்கள் வேலைக்குப் போனபின் முப்பத்தோரு பிள்ளைகளை அவள் ஒருத்தி பார்த்துக்கொள்வாள். ஒரே சட்டியில் கஞ்சி, வரிசையாகத் தொங்கும் ஏணைகள். அம்பிகைபாகன் விஷயம் தெரிந்து ஓடினார். ரமணி கொட்டகைக்கு வெளியே ஒரு தகர வாளியின் மேல் உட்கார்ந்து, உள்ளே பாடுகிற பாட்டுக்குத் தன் பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்லம்மா, ஒண்டாச் சாப்பிட்டால் வராது. சுற்றறிக்கையில் இருக்கு. இதோ பார், நான் சாப்பிடுறன்.” ரமணியின் காலடியில் வைத்திருந்த தட்டிலிருந்து கஞ்சியை அவளுடைய கரண்டியாலேயே எடுத்து விழுங்கினார்.

நல்லம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “நீங்க சாப்புடலாம் ஐயா. ஒங்களுக்கு வாழ்ந்து முடிஞ்சிருச்சு. எனக்கு உள்ள முப்பது புள்ளைங்க கெடக்கு. நாளைக்கு ஒண்ணுக்கு மூக்கு ஒழுகுனாலும் அவங்கம்மா என் குடுமியத்தான் புடிப்பா.”

“வராது எண்டு நான் சொல்லுறன்.”

“வரும்னு போர்டுல போட்டதும் நீங்கதானே?”

வரும் என்று அவர் எங்கேயும் போடவில்லை. ரமணியின் கையைப் பிடித்து மருந்தகத்துக்குக் கூட்டிப் போனார். அன்றிலிருந்து ரமணி பகலெல்லாம் மருந்தகத்துத் திண்டில் இருந்தாள். பஞ்சு உருட்டுவாள். மாத்திரை டப்பாக்களை உயரப்படி அடுக்குவாள். “டாக்டரு தாத்தா, இது குட்டி டப்பா, இது இதோட அம்மா டப்பா” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

தங்கமணி லயத்து வீட்டில் பாயோடு பாயாகக் கிடந்தாள். பக்கத்து வீட்டார் நடுச்சுவரில் இருந்த இடைவெளியைச் சாக்கால் அடைத்துவிட்டார்கள். அம்பிகைபாகன் தினமும் இரண்டு வேளை போனார். ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “நான் எழுதினதாலதான் இவ்வளவும். என்னை மன்னிக்க வேணும் பிள்ளை.”

“நீங்க பொய் எழுதலியே. அதுக்கு நான் என்னத்தச் சொல்றது?” என்றாள் அவள். மூச்சு வாங்கினாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஐயா. என் புள்ள எங்க அக்காகிட்ட இருக்கணும். வேற எங்கயும் வேணாம். அக்கா மூஞ்சி என் மூஞ்சி மாதிரியே இருக்கும். புள்ள பயப்படாது.”

அக்கா புஷ்பவள்ளி பத்தாங் பெர்ஜுந்தாயில் இருந்தாள். கணவனுக்கு மளிகைக் கடையில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் வந்து, தங்கையை வாசலில் நின்று பார்த்து அழுதுவிட்டு, அம்பிகைபாகனிடம் ஒரே வார்த்தையாகச் சொன்னாள்: “புள்ளைக்கு அந்தச் சீக்கு இல்லன்னு ஒரு பேப்பர் குடுங்க ஐயா. நான் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன். எங்க வீட்டுக்காரர் வாயை நான் அடைச்சிக்கிறேன்.”

அம்பிகைபாகனுக்கு உயிர் வந்தது. கேட்டது தாள், தாள் விஷயம் அவருக்குத் தெரிந்த விஷயம்.

மே 11 அன்று ரமணியைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் போனார். வழியெல்லாம் அவள் எருமைகளை எண்ணினாள். பதினாறில் எண் தீர்ந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியபோது அழவில்லை. “எடுத்த ரெத்தத்தத் திரும்பக் குடுப்பாங்களா?” என்று மட்டும் கேட்டாள். ரொட்டியை மைலோவில் முக்கித் தின்றாள். முடிவு எப்போது வரும் என்று அவர் கேட்டார். கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும், சொல்ல முடியாது என்றார்கள்.

சொல்ல முடியாத நாள் பத்து வாரம் ஆனது. நடுவில், ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, தங்கமணி போய்ச் சேர்ந்தாள். பிணத்தைக் குளிப்பாட்ட ஆள் வரவில்லை. அம்பிகைபாகனின் மனைவி சரோஜினி, “எனக்கும் பயமாத்தான் கிடக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்து, கையுறை போட்டுக்கொண்டு குளிப்பாட்டினாள். பெட்டி தூக்க நாலு பேர் வேண்டும். அம்பிகைபாகன், மகாதேவா, புஷ்பவள்ளியின் கணவன், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டே வந்த சேது. “தூக்குறேன் ஐயா. ஆனா இத போர்டுல போட்றாதீங்க” என்றார் சேது. அது கேலியா வேண்டுகோளா என்று அம்பிகைபாகனுக்கு விளங்கவில்லை.

அக்கா அன்று ரமணியைக் கூட்டிப் போகவில்லை. “பேப்பர் வரட்டும் ஐயா” என்றாள். அதுவரை இரவில் சரோஜினி லயத்து வீட்டில் பிள்ளைக்குத் துணைக்குப் படுத்தாள்.

பேப்பர் வந்தது. ஜூலை 20, புதன்கிழமை, அம்பிகைபாகனே நேரில் போய் வாங்கினார். ரமணிக்கு நோய் இல்லை. இரண்டு முறை சோதித்திருந்தார்கள், இரண்டு முறையும் இல்லை. தகப்பனுக்கு நோய் வருமுன்னே பிறந்த பிள்ளையாக இருக்க வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். திரும்பும் பேருந்தில் அவர் அந்த உறையைச் சட்டைக்குள் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே வந்தார்.

அவசரமாக அக்காவிடம் ஓடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தப்பு நடந்தது பலகையில். திருத்தமும் பலகையில்தான் வர வேண்டும் என்று நினைத்தார். பதிவேட்டில் ஒரு பிழை நேர்ந்தால் அதே பக்கத்தில் சிவப்பு மையால் திருத்திக் கையெழுத்துப் போடுவதுதான் முறை. மகாதேவா வேண்டாம் என்றுதான் சொன்னார். “விடும் ஐசே, சனம் மறந்துபோகும்.” அம்பிகைபாகன் கேட்கவில்லை. ஆகஸ்டு 2, செவ்வாய்க்கிழமை, தமிழிலேயே, பெரிய எழுத்தில் ஒட்டச் செய்தார்: ‘ராஜு மகள் ரமணி, வயது 6. எய்ட்ஸ் சோதனை செய்யப்பட்டது. நோய் இல்லை.’

வேலைக்குப் போகிற அவசரத்தில் ஆட்கள் பலகையைக் கடந்து போனார்கள். கண்ணில் பட்டது பெயர். அடுத்துப் பட்டது நோய். மூன்றாவதாக இருந்ததற்கு யாரும் நிற்கவில்லை. நின்று வாசித்த ஒன்றிரண்டு பேரும், எதற்கு இவ்வளவு மெனக்கெட்டுப் போடுகிறார்கள், ஏதோ இருக்கிறது என்றார்கள். மத்தியானத்துக்குள் பேச்சு பத்தாங் பெர்ஜுந்தாய் சந்தைக்குப் போய்விட்டது: புள்ள பேரு ரெண்டாவது தடவையும் வந்திருச்சாம்.

ஆகஸ்டு 6, சனிக்கிழமை, ஆறு ஆப்பிள் வாங்கிக்கொண்டு புஷ்பவள்ளி வீட்டுக்குப் போனார். அவள் உறையைப் பிரித்தாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணவன் கதவோரம் நின்றான்.

“இல்லன்னுதான் போட்டிருக்கு?”

“ஓம் பிள்ளை. ரெண்டு தரம் பார்த்திருக்கினம். சுத்தமா இல்லை.”

“போன மாசமே, நேரா எங்கிட்ட கொண்டாந்திருந்தா நான் கூட்டியாந்திருப்பேன் ஐயா.” அவள் தாளை மடித்தாள். “நேத்து மாப்பிள்ள வீட்லேருந்து ஆள் வந்து கேக்குறாங்க. ஒங்க குடும்பத்துலயாமே, பேரு ரெண்டு தடவ போர்டுல வந்துச்சாமே, ஒங்க பொண்ணு ரெத்தத்தையும் பாத்துட்டு மேல பேசுவோமான்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

“இந்தக் கடதாசியைக் காட்டலாமே.”

கணவன் கதவோரத்திலிருந்து சொன்னான்: “யாருக்குங்க காட்றது? ஊரு பூராவும் வீடு வீடாவா காட்டிக்கிட்டு வர? இருக்குன்னு போட்டதும் ஒங்க பேப்பரு, இல்லன்னு போட்டதும் ஒங்க பேப்பரு. மொதப் பேப்பருதானே ஊருக்குள்ள போச்சு.”

புஷ்பவள்ளி ஆப்பிள்களைத் திருப்பிக் கொடுத்தாள். “புள்ளைக்குக் குடுங்க” என்றாள்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர் இல்லாத வீட்டை ஆகஸ்டு முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். அது நிர்வாகத்தின் விதி. ரமணி மருந்தகத்தின் பின்னறைக்கு வந்தாள். சரோஜினி மூன்று வேளையும் சோறு கொண்டு வந்தாள். முதலில் தனித் தட்டில். செப்டம்பரில் ஒருநாள் அந்தத் தனித்தட்டைக் காணவில்லை. குழந்தை வீட்டுத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவருக்கு டிசம்பரோடு ஐம்பத்தைந்து முடிகிறது. ஓய்வு. குடியிருந்த வீடு தோட்டத்துடையது. குவாலா சிலாங்கூரில் மகன் வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள். மருமகள் முழுகாமல் இருந்தாள். மகனிடம் பேசிப் பார்த்தார். மகன் தாளை வாசித்து, நம்பினான். “எனக்கு விளங்குது அப்பா. அவளுக்கு விளங்க வைக்க ஏலாது. வயித்துல பிள்ளையோட நிக்கிறாள்” என்றான். அன்று வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது சரோஜினி, “இஞ்சாருங்கோ, எங்களுக்கெண்டு ஒரு அறை இருந்திருந்தால்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அக்டோபர் 5, புதன்கிழமை. சமூகநல அதிகாரி சொன்ன அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு, சிரம்பானையும் தாண்டி, வாடகைக் காரில் கூட்டிப் போனார்கள். பொறுப்பாளர் அமராவதி என்று ஓர் அம்மாள். கையைப் பிடித்துத்தான் குழந்தையை உள்ளே அழைத்தார். ரமணி வாசல்வரை போய்த் திரும்பி, “பெரியம்மா எப்ப வருவாங்க?” என்று கேட்டாள். முப்பத்து மூன்று ஆண்டுகள் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாத மனிதர், கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். சரோஜினிதான், “வருவா பிள்ளை” என்றாள்.

பிறகு மாதம் பிறந்தால் மணியார்டர். அமராவதி ஒவ்வொரு மாதமும் பதில் எழுதினார். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. உயரம் மூன்றங்குலம் கூடியிருக்கிறது. பல் விழுந்தது. பெரியம்மாவைக் கேட்கிறாள். பிறகு வந்த கடிதங்களில், கேட்கிறாள் என்ற வரி சிறிதானது. ஜூனுக்குப் பிறகு அது இல்லை. அம்பிகைபாகன் ஒவ்வொன்றிலும் வந்த தேதியைப் பென்சிலால் எழுதி நூலில் கோத்து வைத்தார். இரண்டு முறை பத்தாங் பெர்ஜுந்தாய் சந்தையில் புஷ்பவள்ளியைப் பார்த்தார். இருவரும் விசாரித்துக்கொண்டார்கள், மழையைப் பற்றி.

1989 நவம்பர் 13, திங்கட்கிழமை மாலை, அவளே குவாலா சிலாங்கூருக்கு வந்தாள். கணவனும் கூட வந்திருந்தான். மகளுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சரோஜினி கொடுத்த தேநீரைத் தொடாமல் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“என் தங்கச்சி கனவுலகூட வர மாட்டேங்குறா ஐயா. கோவமா இருக்கா. புள்ளய நான் கூட்டிக்கிறேன். யாரு என்ன சொன்னாலும் சரி.”

கணவன் தொண்டையைச் செருமினான். “மக ரூமு சும்மாதான் கெடக்கு” என்றான்.

அம்பிகைபாகன் அன்றைக்கே எழுத உட்கார்ந்தார். இரண்டு தாளைக் கசக்கிப் போட்டார். தாயின் உடன்பிறந்த அக்கா, முகவரி, கணவன் பெயர், வேலை, அடையாள அட்டை எண், எல்லாம் தெளிவாக எழுதினார். எந்த நாளில் வந்து அழைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். மறுநாள் காலை தபால் நிலையம் திறக்குமுன் வாசலில் நின்றார்.

அமராவதியின் பதில் ஒரே பக்கம். பிள்ளை இல்லாத ஒரு தம்பதி வடக்கேயிருந்து வந்து ரமணியைப் பார்த்ததாகவும், மூன்று முறை வந்து பழகியதாகவும், நவம்பர் 8-ஆம் தேதி அவளைத் தங்கள் பிள்ளையாக அழைத்துச் சென்றதாகவும் எழுதியிருந்தார். நல்லவர்கள், வசதியானவர்கள். பழைய பெயர் வேண்டாம் என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். உறவென்று யாரும் தேடி வரக்கூடாது, முகவரி யாருக்கும் தரக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஓராண்டாக உறவினர் எவரும் வராததால் இல்லம் அதற்கு ஒப்புக்கொண்டது. உங்கள் கடிதம் பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த வரியை அந்த அம்மாள் முடிக்காமல் அடித்துவிட்டிருந்தார். இனிப் பணம் அனுப்ப வேண்டாம். ரமணி காரில் ஏறும்போது சிரித்தாள் என்று முடித்திருந்தார்.

அம்பிகைபாகன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி வாசித்தார். சரோஜினி கேட்டதற்குக் கடிதத்தையே நீட்டினார். அவள் வாசித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அடுத்த பேருந்து இரண்டு மணிக்கு. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பென்சிலை எடுத்து, உறையின் மூலையில் வந்த தேதியை எழுதினார்.

1989 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை.